லஸ் முனையில் திரும்புவது

சாகப் போகிற மனிதனின் கண்ணுக்கு உலகம் மறைந்து நித்தியம் ஒன்றே தெரியும் என்று பிரசங்கங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சாந்தோம் ஆம்ப்ரோஸின் கண்ணுக்கு டயர் தெரிந்தது.

சாமியார் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துக்கொண்டிருந்தார். கண், காது, மூக்கு, வாய், கை என்று எண்ணெய் பூசிக்கொண்டே வந்து, நீர் கோத்து வீங்கிய பாதத்தைத் தொட்டபோது, இலத்தீன் செபத்துக்கு நடுவே நோயாளி கண்ணைத் திறந்தார்.

“மாப்ளே, புது டயரு வளைவுல எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?”

கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்ப்ரோஸின் தம்பி பவுல்சாமி பங்குச் சபையின் தலைவர். கல்லறையில் பேச வேண்டியதை நேற்றே மனப்பாடம் பண்ணிவிட்டார். அதில் டயருக்கு இடம் இல்லை.

“அண்ணனுக்கு ஜன்னி கண்டுட்டுது, சாமி. நீங்க செபத்தப் பாருங்க.”

“ஜன்னி இல்லடா. மோட்டார் சைக்கிள்.”

மரியதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். மாப்பிள்ளை அவன்தான்.

மறைமாவட்டப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்க்கிற உத்தியோகம் ஆம்ப்ரோஸுக்கு. செங்கல்பட்டு, திண்டிவனம், அதற்கும் அப்பால் என்று அவருடைய பி.எஸ்.ஏ. வண்டி போகாத ஊர் இல்லை. உலகச் சண்டை வந்ததும் கடைகளில் டயர் இல்லாமல் போயிற்று. சண்டை முடிந்தும் டயர் வரவில்லை. நேர் ரோட்டிலேயே ஓடி ஓடி நடுவில் பலகையாகத் தேய்ந்த பழைய டயரை வைத்தே காலம் தள்ளினார். ஒருவழியாக மவுண்ட் ரோடு கடை ஒன்றில் நீண்ட பயணத்துக்கென்றே செய்த டயர் ஒரு ஜோடி வந்து, அதை ராயப்பேட்டை மெக்கானிக் மெஹபூப் அலி மாட்டிக் கொண்டுவந்து விட்ட அன்று ஆம்ப்ரோஸ் படுக்கையில் விழுந்தார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். ஏறவில்லை.

“நேர் ரோட்டுல எல்லா டயரும் யோக்கியந்தான்” என்றார் இப்போது, மூச்சை எட்டி எட்டிப் பிடித்து. “வளைவுலதான் அதோட புத்தி தெரியும். கச்சேரி ரோட்டோட போயி லஸ் முனையில நல்லா சாச்சுத் திருப்பிட்டு வாங்க. வேற எவன் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நீங்க பர்மாவுல ஓட்டுன ஆளு.”

பர்மா விஷயம் இப்படி வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, சண்டையில் என்ன வேலை என்று ஆம்ப்ரோஸ் கேட்டார். மரியதாஸ் ஆவடி ராணுவக் கிடங்கில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்தவன். ஆனால் கதவிடுக்கில் பெண் மர்சலினின் ஒரு கண் தெரிந்தது. ‘பர்மா எல்லையில மோட்டார் சைக்கிள்ல தபால் கொண்டு போற வேலை’ என்று நாக்கு சொல்லிவிட்டது. கிடங்கு வாசலில் யாரோ ஒரு ஹவில்தாரின் வண்டியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நேராக ஓட்டியது உண்மை. அதைத்தான் நாக்கு கொஞ்சம் நீட்டியது.

தகப்பனைப் பார்த்தே அறியாதவன் அவன். அன்றிலிருந்து ஆம்ப்ரோஸ் அவனை மகன் என்றுகூட நினைக்கவில்லை. அதற்கும் ஒரு படி மேலே, தன்னைப் போல ஒரு வண்டிக்காரன் என்று நினைத்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மருமகனிடம் கிளட்ச் பற்றிப் பேசினார். பெட்ரோல் ரேஷனும் டயர் பஞ்சமும் மரியதாஸின் மானத்தை இத்தனை நாள் காத்தன. இன்றைக்கு இரண்டும் கைவிட்டன. இவர் போகும்போது தன்னைப் பொய்யன் என்று தெரிந்துகொண்டு போகக் கூடாது. அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

“போயிட்டு வாங்க” என்றாள் மாமியார் லூயிசா. “இல்லன்னா அவரு உசுரு போவாது.”

வண்டி கிளம்பிவிட்டது. தெருவில் நேராகத்தான் போனான். கச்சேரி ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் லேசாக ஒரு பக்கம் சாய நினைத்தான், நினைத்ததுதான். வண்டி தானாகவே பூனைபோல அந்தப் பக்கம் படுக்கத் தொடங்கியது. பயந்துபோய்க் காலை ஊன்றினான். வலது ஷூவின் அடித்தோல் பிய்ந்து ரோட்டோடு போயிற்று. எஞ்சின் நின்றது.

அங்கிருந்து லஸ் முனை வரை தள்ளிக்கொண்டு போனான். மீன் கூடையோடு எதிரே வந்த நொச்சிக்குப்பத்துக்காரி ஒருத்தி நின்று பார்த்தாள்.

“இன்னா நைனா, வண்டிக்கு ஒடம்பு சரியில்லயா? ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கினு போறியா?”

“ஆமா.”

“பாத்து, வெயில்ல மயக்கம் போட்டுறப் போவுது.”

லஸ் முனையில் வண்டியைத் தள்ளியே திருப்பினான். சொன்ன சொல்லுக்கு அவ்வளவாவது செய்தான். தெரு முனைக்கு வந்ததும் ஏறி உதைத்து, வீட்டுக்காரர்கள் காதில் விழும்படி பெரிய சத்தத்தோடு நேராக வந்து இறங்கினான்.

மர்சலின் வாசலில் நின்றாள். அவனுடைய ஷூவைப் பார்த்தாள். உள்ளே போய்ச் செருப்பை எடுத்து வந்து அவன் காலடியில் போட்டாள்.

“எப்படி?” என்றார் ஆம்ப்ரோஸ்.

“அருமை, மாமா.”

“அருமைன்னு பவுல்சாமி சொல்வான். நீங்க வளைவச் சொல்லுங்க.”

மரியதாஸிடம் ஒரே ஒரு வளைவின் பாதிதான் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தான்.

“தள்ளவே வேண்டாம், மாமா. நெனச்சாப் போதும், சாயுது. பழசுல நீங்க ஓட்டறப்போ பின்னால உக்காந்திருக்கேனே, அது மொறைச்சுக்கிட்டு நிக்கும், அப்புறம் படியில கால் தவறுனாப்பல பொசுக்குனு விழும். இது அப்படியில்ல. மெதுவா, ஒரே சீரா எறங்குது. வயித்துல என்னமோ பண்ணுது. பயமாக்கூட இருந்துச்சு.”

“ஆங்!” ஆம்ப்ரோஸின் முகத்தில் ரத்தம் வந்தது. “பழசு செங்கல்லு, மாப்ளே. இது முட்டை. பயப்பட்டீங்கன்னா சரியாத்தான் சாச்சிருக்கீங்க. எவ்வளவு சாச்சீங்க?”

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

“கால் வைக்கிற கம்பி தரையில ஒரசிச்சு, மாமா.”

“பர்மான்னா சும்மாவா!” என்றார் பவுல்சாமி, கூடத்துக்கே கேட்கும்படி.

“வண்டியக் கொண்டாங்க” என்றார் ஆம்ப்ரோஸ். “தொட்டுப் பாக்கணும்.”

வாசல்படியில் பலகை போட்டு நாலு பேர் தூக்கி, வண்டியைக் கட்டிலோரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போதுதான் மரியதாஸ் டயரைக் கவனித்தான். வார்ப்பு அச்சிலிருந்து வந்த புது டயர் முழுக்கப் பிறந்த குழந்தையின் தலைபோல மெல்லிய ரப்பர் மயிர் இருக்கும். ரோட்டில் பட்ட இடத்தில் அது உதிர்ந்துவிடும். நடுவில் உதிர்ந்திருந்தது. வண்டியைச் சாய்த்தால் மட்டுமே ரோடு தொடுகிற இரண்டு ஓரங்களிலும் ஒன்றுகூட உதிராமல் நட்டுக்கொண்டு நின்றது.

ஆம்ப்ரோஸின் விரல் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போயிற்று. நின்றது. இன்னொரு ஓரத்துக்குப் போயிற்று. அங்கேயும் நின்றது. மயிரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒருமுறை தடவிக் கொடுத்தது.

அவர் மருமகனைப் பார்த்தார். மரியதாஸ் கண்ணை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை.

“ரெண்டு ஓரமும் மழமழன்னு ஆயிருக்கு” என்றார் ஆம்ப்ரோஸ் எல்லோருக்கும் கேட்கும்படி. “மாப்ளை நல்லா ஓட்டியிருக்காரு.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “புதுசு கொஞ்ச நாள் வழுக்கும். ஆள் இல்லாத ரோடாப் பாத்து... மெதுவா...”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கை டயரின் மேலேயே இருந்தது. கோயிலில் மாலை மணி அடித்தபோது லூயிசா அந்தக் கையை எடுத்து மற்றக் கையோடு சேர்த்து செபமாலையைச் சுற்றினாள். விரல் நுனியில் கறுப்பு ஒட்டியிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

மறுநாள் அடக்கத்துக்கு முன்னால் பவுல்சாமி ஓர் ஏற்பாடு செய்தார். பெட்டிக்கு முன்னால் சிலுவை. சிலுவைக்கு முன்னால் அண்ணனுடைய வண்டி. அதன் மேல் பர்மா வீரரான மருமகன். பிரசங்கத்தில் ஒரு வாசகமும் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்: தீரத்தை வாரிசிடம் ஒப்படைத்துவிட்டு அண்ணன் கண்ணை மூடினார்.

“ஏறுங்க, மாப்ளை. கல்லறை வரைக்கும் மெதுவா ஓட்டிக்கிட்டுப் போங்க.”

மரியதாஸ் ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான். முகம் கழுவாமல், கண் வீங்கி, கழுத்துப் பட்டி ஒரு பக்கம் போய், வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே போனான். ஒருமுறை முன் சக்கரத்தின் ஓரத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தான். மர்சலின் பெண்களோடு பின்னால் வந்தாள். அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மாமனார் வண்டியில் ஏறி உட்கார மனம் வரவில்லை பார், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதை உண்டா என்று சாந்தோமில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு வளைவு இருந்தது.