குளியலறை மட்டும் இருட்டு

மாலை நான்கு மணிக்குப் பல் டாக்டரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பல்லுக்காக அல்ல; அக்கா அட்டையில் செய்துவைத்த மாதிரி வீட்டைப் பார்க்க. பிடித்துவிட்டால் நிஜ வீட்டைக் கட்டும் வேலை அக்காவுக்கு. கட்டடக்கலை முடித்த அவளுக்கு அதுதான் முதல் வேலை. பிடிக்காவிட்டால் அட்டை வீட்டில் நான் செருப்பு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள்.

அறைக்கு ஒன்றாக எட்டு எல்இடி. உதிரி இரண்டு.

"லைட் எரிஞ்சாத்தான்டா வீடு மாதிரி இருக்கும். நீ எலக்ட்ரானிக்ஸ்தானே?"

"மூணாவது வருஷம்" என்றேன், அடக்கமாக.

ஒன்பது வோல்ட் பேட்டரியில் எல்இடியின் இரண்டு காலையும் வைத்தேன். ஒரு நொடி சூரியோதயம். பிறகு 'டப்'.

"பீஸ் சரியில்லக்கா."

இரண்டாவது பீஸும் சரியில்லை. மூன்றாவதும் சரியில்லாமல் போனபோது அக்கா அட்டை வெட்டும் கத்தியைக் கீழே வைத்தாள். கத்தியோடு இருந்தபோது அவள் இவ்வளவு பயங்கரமாக இல்லை.

"காலேஜ் லேப்ல எப்படிடா எரிஞ்சுது?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. லேபில் ஒயரைச் செருகுவேன், எரியும், கையெழுத்து வாங்குவேன். கூடப் படிக்கும் 'கம்பி'க்கு ஃபோன் போட்டேன்.

"ரெசிஸ்டர் போட்டியா?"

"லேப்ல போடலையேடா!"

"அந்த போர்டுக்குள்ளயே வச்சிருக்காங்கடா, வெளக்கெண்ண. உன்ன மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு தெரியும்ல?"

ஒன்பது வோல்ட்டில் எல்இடிக்கு மூன்று. மிச்சம் ஆறை 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தாங்கிக்கொண்டால் பதின்மூன்று மில்லி ஆம்பியர்தான் ஓடும், எல்இடி பிழைக்கும். இதையே தேர்வில் எழுதி எட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். நிஜத்திலும் நடக்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் ஓடினேன். ரெசிஸ்டர் இருந்தது, அந்த அளவு எல்இடி இல்லை. திரும்பி வந்து, ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் கோத்து, மூட்டுகளில் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். மூன்று ஐம்பதுக்கு ஏழு அறைகள் எரிந்தன. தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. அட்டையும் பத்திரம், நானும் பத்திரம்.

டாக்டர் ஒவ்வொரு ஜன்னலிலும் சொத்தை தேடுவதுபோல் எட்டிப் பார்த்தார். அவர் மனைவி குளியலறை ஜன்னலில் நின்றுவிட்டார்.

"இங்க மட்டும் ஏம்மா இருட்டு?"

எனக்கு மூச்சு நின்றது. அக்காவுக்கு நிற்கவில்லை.

"உள்ள ஆள் இல்ல மேடம். அணைச்சிருக்கு."

அந்த அம்மா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? ஆள் இல்லன்னா அணைப்பாங்களாம். இருபது வருஷமா நான் பின்னாலயே வந்து அணைச்சிட்டிருக்கேன். இந்தப் பொண்ணே கட்டட்டும்."

டாக்டர் வாயைத் திறக்கவில்லை. பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து, "தம்பி என்ன படிக்குது?" என்று கேட்டார்.

"ஹிஸ்டரி மேடம்" என்றாள் அக்கா.