ஈரத் துண்டுக்கு எந்தப் புரொப்பல்லர்?

எங்கள் சலவைக்கடையில் எதையும் எடை பார்ப்பதில்லை, எண்ணித்தான் பழக்கம். சட்டை இத்தனை, விரிப்பு இத்தனை, துண்டு இத்தனை. அந்தப் பழக்கம்தான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

கடையில் நாங்கள் மூன்று பேர். அக்கா துவைத்து உலர்த்துவாள், நான் எண்ணி மடிப்பேன், அக்கா வீட்டுக்காரர் மோட்டார் படகு ஓட்டுவார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிற ரகம். மற்றபடி தங்கமான மனுஷர்.

எதிரே இருக்கிற தீவில் ஓர் ஓட்டல். அங்கே நீச்சல்குளத்துத் துண்டுகள் இருநூற்றைம்பதைக் காலை ஒன்பதரைக்கு எடுத்துவந்து, துவைத்து, உலர்த்தி, மடித்து, மதியம் இரண்டு மணிக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். துணி உலர்கிற நேரத்தைக் குறைக்க முடியாது. படகோ ஆடி அசைந்து போகும். தினமும் இரண்டேகாலுக்குத்தான் போய்ச் சேருவோம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்," என்றார் ஓட்டல் மேனேஜர். "அன்னைக்கும் லேட்டுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஓட்டல் வேலை போனால் கடையில் இரண்டு பேருக்குத்தான் வேலை. மூன்றாவது ஆள் நான். எங்கேயோ இருக்கிற பெரிய நகரத்தில் சித்தப்பா ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி தயாராக இருந்தது. எனக்குப் போக இஷ்டமே இல்லை. இந்தக் கடையின் சோப்பு வாசனையும் பிடிக்கும், அக்காவோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவதும் பிடிக்கும்.

படகைத் தண்ணீரில் தள்ளுகிற விசிறியான புரொப்பல்லர் முனை மழுங்கிப்போன பழசு. புதன்கிழமை மாமாவும் நானும் புதிது வாங்கப் போனோம். படகுச் சாமான் கடையில் சுவர் முழுக்கப் புரொப்பல்லர்கள் மாட்டியிருந்தன.

"எவ்வளவு பாரம் ஏத்துவீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இருநூத்தம்பது துண்டு," என்றார் மாமா.

"கிலோவுல சொல்லுங்க."

என் பையில் மடித்த துண்டு ஒன்று இருந்தது. அதைத் தராசில் வைத்தார். அரைக் கிலோ.

"அப்ப நூத்தி இருபத்தஞ்சு கிலோ. லேசான பாரம்தான். பத்தும் இருக்கு, பதிமூணும் இருக்கு. ஒரு சுத்துக்குப் படகை அத்தனை அங்குலம் முன்னால தள்ளப் பாக்கும்."

மாமாவின் கை பதிமூன்றின் மேல் ஏற்கெனவே இருந்தது. பெரிய எண்ணை விட்டுச் சின்ன எண்ணை எடுக்க அவர் என்ன பைத்தியமா? "எதுக்கும் கீறல் விழாம வச்சிருங்க, மாத்தித் தரேன்," என்றார் கடைக்காரர். மாமா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மதியமே அதைப் படகில் பூட்டி, உலர்ந்த துண்டுகளோடு கிளம்பினோம். அரை மணி நேரப் பயணம் பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. தீவுக் கரையில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ப் புரொப்பல்லரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை குட்டு வெளிப்பட்டது. ஈரத் துண்டுகளை ஏற்றித் திரும்பும்போது படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. இன்ஜின் முனகியது, வேகம் ஏறவே இல்லை. கரைக்கு வர முக்கால் மணி. பழைய புரொப்பல்லரே ஈர மூட்டைகளை நாற்பது நிமிடத்தில் கொண்டுவந்துவிடும்.

"காத்து எதிர்க்காத்து," என்றார் மாமா. பிறகு பெட்ரோல் சரியில்லை என்றார். பிறகு கடலையே குறை சொன்னார். நான் மூட்டையை இறக்கக் குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. நேற்று ஒரு கையால் தூக்கிய அதே மூட்டை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாமா, நாம காஞ்ச துண்டையில்ல எடை போட்டோம்."

அக்கா ஓர் ஈரத் துண்டை எடுத்துவந்து எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நேரே பிடித்தாள். சொட்டியது. "இத்தனை வருஷமா இதே வேலைதான பாக்குறோம்," என்றாள். வேறு திட்டவும் இல்லை.

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுப் புரொப்பல்லர் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, ஈரத் துண்டை எடைபோட்டு, பதிமூன்றை வாங்கிக்கொண்டு பத்தைக் கொடுத்தார். "காஞ்ச பாரத்தோட கொஞ்சம் மெதுவாத்தான் போகும். ஆனா ஈரத்தோட இன்ஜின் திணறாது."

வெள்ளிக்கிழமை காலை ஓட்டலில் எங்களுக்காக முந்நூற்றுப் பத்துத் துண்டுகள் காத்திருந்தன. யாரோ விருந்து வைத்து ஊரையே குளத்தில் இறக்கியிருக்கிறார்கள். மூட்டைகளை ஏற்ற ஏற்றப் படகு அமிழ்ந்தது. மாமா கடிகாரத்தைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கடலைப் பார்த்தார். என் எடையைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

டாக்டரிடம்கூட நான் சரியான கணக்கைச் சொன்னதில்லை. "எழுபத்திரண்டு கிலோ," என்றேன். "என்னை விட்டுட்டுப் போங்க."

"மடிக்க ஆள் வேணுமே."

"அக்கா மடிப்பா. நீங்களும் மடிங்க."

என்னை இறக்கிவிட்டுப் படகு போனது. முதலில் கொஞ்சம் திணறியது, பிறகு மூக்கைத் தாழ்த்திச் சமமாக ஓடத் தொடங்கியது. நான் நாலு மணி நேரத்துக்கு மேல் கரைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா ஆபீஸ் எத்தனாவது மாடி என்று யோசித்தேன். ஒன்றே முக்காலுக்கு மேனேஜர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

இரண்டு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது படகு வந்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவில் அக்காவும் உட்கார்ந்திருந்தாள். மாமா மடித்த துண்டுகள் எவை என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. மேனேஜர் எண்ணிப் பார்த்தார், கோணல்மாணலாக இருந்தவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டார்.

"சரி, நீங்களே பண்ணுங்க," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா படகிலிருந்து இறங்காமலே என்னைப் பார்த்தாள்.

"காலையிலிருந்து ஒக்காந்தது போதும்," என்றாள். "ஏறு. கடையில நாப்பது விரிப்பு மடிக்காம கெடக்கு, எல்லாம் உன் வேலை."