மூன்றாவது மோட்டார்

மூன்றாவது மோட்டாரும் பொருந்தவில்லை.

வாஷிங் மெஷினைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் அடியில் மல்லாந்து படுத்திருந்தார் மெக்கானிக் சுருளிவேல். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சாரே, இது ஒரு பெருவிரல் குட்டை. எட்ட மாட்டேங்கு."

நவீன்குமார் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். முதலில் வந்ததற்கு மூன்று ஒயர், வேண்டியது இரண்டு. அடுத்ததற்குக் கொக்கி இடப்பக்கம், வேண்டியது வலப்பக்கம். இப்போது நீளம். உள்ளங்கையளவு மோட்டார்தான். துவைத்து முடிந்ததும் அடிவால்வை இழுத்துத் திறந்து அழுக்குத் தண்ணீரை வெளியே விடுவது அதன் வேலை. அது இழுக்காவிட்டால் தண்ணீர் இறங்காது, தண்ணீர் இறங்காவிட்டால் மெஷின் துணியைச் சுழற்றிப் பிழியாது. பதினெட்டு நாளாக அந்த மெஷின் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்கிறதே தவிர விடுவதில்லை.

"எத்தனாவது இது?" அடுப்படியிலிருந்து மாமியார் ராமலட்சுமி கேட்டாள்.

"மூணாவது, அத்த."

"நாலாவது வர்றதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணமே ஆயிரும்."

மார்ச்சில் நவீன்குமாரின் மனைவி கற்பகம் பத்து நாள் காய்ச்சலில் இறந்துபோனபோது சின்னக்கானலிலிருந்து வந்தவள் ராமலட்சுமி. வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். இப்போது லீவு தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை கொழுந்து பறிக்கத் தேயிலைக் காட்டில் நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். நவீன்குமாருக்கு மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை. இரண்டு வயதுப் பாப்பா பகலில் எஸ்டேட் க்ரெச்சில் இருந்தாக வேண்டும். க்ரெச் ஆயா சரஸ்வதியம்மாளோ கறார். தினமும் காய்ந்த உடுப்பு நாலு செட், காய்ந்த விரிப்பு ரெண்டு. பையைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பாள். ஈர வாடை அடித்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஜூன் மழையில் கையால் பிழிந்த துணி நாலு நாளானாலும் காய்வதில்லை. போன வாரம் மட்டும் இரண்டு முறை பாப்பா வாசலிலிருந்தே திரும்பி வந்தது.

ராமலட்சுமி தீர்ப்பே சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை மத்தியான ஜீப்பு வர்றதுக்குள்ள மிஷின் ஓடுச்சா, புள்ள இங்க. ஓடலையா, எங்கூட. அடுப்புக்கு மேல கொடி கட்டி நான் வளத்துக்கிடுதேன். நீங்க மாசத்துக்கு ரெண்டு தடவ வந்து பாத்துக்கிடுங்க."

அதற்கும் அவன் "சரி" என்றுதான் சொல்லியிருந்தான். மூன்று மாதமாக எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். இன்று சனிக்கிழமை.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு இன்னொரு முறை போன் போட்டான். மெஷின் கற்பகத்தின் பெயரில் பதிவாகியிருந்தது.

"மேடம்கிட்ட போனக் குடுங்க சார்," என்றாள் ஒரு பெண்.

"அவங்க இறந்துட்டாங்க."

"ஓ... சாரி சார்." கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம். "அவங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் சார். அத மட்டும் சொல்லிடுங்க."

அந்த நம்பர் ஏப்ரலிலேயே செத்துவிட்டது. போனை வைத்தான்.

அடுத்து பாலக்காட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூசா பாய். மூன்று மோட்டாரையும் அனுப்பியவர் அவர்தான்.

"ஏனுங்க தம்பி, நானென்ன மந்திரவாதிங்களா? நீங்க அனுப்புன போட்டோவுல மாடல் நம்பர் எங்கீங்க இருக்குது? மஞ்சக் கறைதான் இருக்குது."

இருந்ததும் கறைதான். மெஷினின் நெற்றி மாதிரி மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கற்பகம் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தாள். அடுத்த பூஜை வரும்போது பழையதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். மூன்று வருடத்தில் நம்பரின் கடைசி நாலு எழுத்து தேய்ந்து போயிற்று.

"எங்க பக்கத்தூட்டுக்காரங்களுந்தான் மிக்சிக்குப் பொட்டு வெக்கறாங்க. நம்பரு மேலயா வெக்கறாங்க?" மூசா பாய் பெருமூச்சு விட்டார். "ஒண்ணு பண்ணுங்க. கழட்டுன பழைய மோட்டார பஸ்ஸுல கொடுத்து உடுங்க. பக்கத்துல வெச்சுப் பாத்தாப் போதும், கண்ணே சொல்லிரும்."

நியாயமான பேச்சு. நவீன்குமார் திரும்பி அந்தக் கால்களிடம் கேட்டான். "சுருளியண்ணே, பழைய மோட்டார் எங்க?"

கால்கள் அசையவில்லை.

"அண்ணே."

சுருளிவேல் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. "அது வந்து சாரே... அது நம்ம ஜீப்பு ஓட்டுற பாண்டீஸ்வரன் வீட்டு மிஷின்ல கெடக்கு."

"கெட்டுப்போன மோட்டார் அங்க எதுக்கு?"

"இல்ல, அங்க ஓடுது."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"வீட்டுக்குக் கொண்டுபோயி சும்மா கரண்டு குடுத்துப் பாத்தேன். இழுத்துச்சு. பாண்டிக்கு அவசரம்னான்."

"ஓடுதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள உங்களுக்குப் புதுசு ஆர்டர் போட்டாச்சே சாரே. உங்க மிஷின்ல ஓடல, அங்க ஓடுது. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

நவீன்குமார் மூன்றாவது மோட்டாரை அட்டைப்பெட்டியோடு கையில் எடுத்தான். குடையை எடுக்கவில்லை. பின்னாலேயே சுருளிவேல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பாண்டீஸ்வரன் கீழே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தான். வீட்டுக்குள் மெஷின் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு காலால் அதை அமுக்கிப் பிடித்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க சார். டீ?"

"அந்த மோட்டார் என்னோடது. கழட்டணும்."

"என்ன சார் வெளையாடுதீங்க? சுருளிக்குத் துட்டு குடுத்துல்லா வாங்கியிருக்கேன்."

"அது அவர் விக்கிற பொருள் இல்ல!"

அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தன் குரலை இவ்வளவு உயரத்தில் கேட்டு நவீன்குமாருக்கே திடுக்கென்றது. பாண்டீஸ்வரன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"கழட்டிட்டா எம்பொண்டாட்டி என்னயக் கழட்டிருவா சார்."

"இதப் போட்டுப் பாருங்க." பெட்டியை நீட்டினான். "ஒரு பெருவிரல் குட்டை."

சுருளிவேலின் முகம் மலர்ந்தது. "அட, இவனுக்கு அதான் சரி! உங்களது நீளம்னு நான் கம்பிய முறுக்கில்ல கட்டி வச்சிருக்கேன்."

அரை மணி நேரத்தில் மாற்றினார்கள். மூன்றாவது மோட்டார் பாண்டீஸ்வரன் வீட்டில் அச்சாகப் பொருந்தி ஓடியது. ஆட்டம்கூடக் குறைந்தது. பாண்டீஸ்வரன் காலை எடுத்துவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லவே," என்று சுருளிவேலின் முதுகில் ஒன்று வைத்தான்.

வீட்டுக்கு வந்து பழைய மோட்டாரைப் பழைய இடத்தில் மாட்டினார்கள். ஸ்விட்சைப் போட்டார்கள். அது இழுக்கவில்லை.

"இப்ப நம்புதீங்களா?" என்றார் சுருளிவேல், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

"சரி" என்று வாய் வரை வந்தது. நவீன்குமார் அதைச் சொல்லவில்லை. ஸ்விட்சை அணைத்து, டார்ச்சை வாங்கிக்கொண்டு ஈரத் தரையில் மல்லாந்து படுத்தான். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். கல்லூரி லேபில் இதைவிடச் சிக்கலான இணைப்புகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். பதினெட்டு நாளில் ஒருமுறைகூட அவன் குனிந்து பார்த்ததில்லை. மோட்டார் அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை. அப்படியென்றால் கோளாறு மோட்டாரில் இல்லை, அதற்கு வரும் கரண்டில். அவ்வளவுதான் விஷயம். சாம்பல் நிற ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனான். பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் விரல் தடுக்கியது. தோல் கடித்துக் குதறப்பட்டு, உள்ளே செம்பு அறுந்து கிடந்தது. பக்கத்தில் நாலைந்து புழுக்கை.

"எலி," என்றான்.

"எலி!" சுருளிவேல் ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் குதூகலித்தார். "நான் அப்பமே நெனச்சேன்!"

"ஒண்ணும் பேசாதீங்கண்ணே. டேப்பக் குடுங்க."

இரண்டு முனையையும் சீவி, முறுக்கி, டேப் சுற்றி, ஸ்விட்சைப் போட்டான். மோட்டார் 'டிக்' என்று இழுத்தது. பதினெட்டு நாள் தண்ணீர் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் பாய்ந்தது. வீடெங்கும் நாற்றம்.

மறுநாள் காலை ராமலட்சுமி பாப்பாவின் விரிப்பு, உடுப்பு எல்லாவற்றையும் அள்ளி மெஷினில் போட்டாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். பாப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வாசலில் அவளுடைய பை. அதில் பாப்பாவின் துணி பாதி ஏற்கெனவே போயிருந்தது. நவீன்குமார் அதை வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தான்.

மெஷின் தண்ணீர் பிடித்தது, அலசியது. ஒவ்வொரு முறை சத்தம் அடங்கும்போதும் அவள் தலை நிமிர்ந்தது. ஒவ்வொரு முறையும் அது மறுபடி ஓடியது. கடைசியில் தண்ணீரை விட்டு, சுழன்று சுழன்று பிழிந்து, மூன்று முறை கூவி நின்றது.

அவள் ஒரு விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள், சரஸ்வதியம்மாளைப் போலவே.

"இன்னொரு தடவ ஓட்டுங்க மாப்ள."

"அத்த, அது ஓடும்."

"ஓடும்னு தெரியுது."

வெளியே பாண்டீஸ்வரனின் மத்தியான ஜீப் ஹாரன் அடித்தது. அவள் பாப்பாவை இறக்கிவிட்டு எழுந்தாள்; ஜீப்பில் ஏறப் போகவில்லை. பையை உள்ளே இழுத்து வந்தாள். பாப்பாவின் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அலமாரியில் அடுக்கினாள். ஒன்று நன்றாகத்தான் மடிந்திருந்தது, அதையும் உதறித் திரும்ப மடித்தாள். ஹாரன் இரண்டாவது முறை அடித்தது.

"அவன நிக்கச் சொல்லுங்க," என்றாள், திரும்பாமல். "இன்னும் ரெண்டு கவுனுதான்."

ஜீப்பை நிற்கச் சொல்ல, நவீன்குமார் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினான்.