வரவேற்புரைக்கு வந்த கைதட்டல்

பல்கலைக்கழகத்தின் பொது அரங்கில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எழுந்த கைதட்டல், கூட்டம் முடிந்த பிறகும் அடங்காமல், வரவேற்புரை சொன்னவரோடு பேருந்தில் ஏறி, அவர் வீட்டு நிறுத்தத்தில் இறங்கி, வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்து உள்ளே வந்துவிட்டது. பிறகு பல வருடங்கள் அந்த வீட்டில்தான் இருந்தது. நடத்துநர் அதற்குப் பயணச்சீட்டு கேட்கவில்லை. பின் இருக்கையில் பிள்ளைகள் யாரோ சத்தம் போடுகிறார்கள் என்று நினைத்து ஒருமுறை திரும்பி முறைத்ததோடு சரி.

அந்தப் பல்கலைக்கழகத்தில் மாதத்தின் முதல் வெள்ளியன்று ஒரு வெளிநாட்டுப் படம் திரையிடுவார்கள். படம் முடிந்ததும் அதைப் பற்றி ஒரு பொதுச் சொற்பொழிவு இருக்கும். ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம், அனுமதி இலவசம் என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டாலும் வருகிறவர்கள்தான் வருவார்கள். ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர், அரங்கின் குளிர்சாதனத்துக்காகவே வரும் ஒரு தம்பதி, மோதிரக் கையால் தட்டும் நூலகர், வருகைப் பதிவுக்குப் பயந்து வரும் மாணவர்கள். முன்வரிசைக்காரர் தலை மறைக்கும் சப்டைட்டிலைப் பாதியும் ஊகத்தைப் பாதியுமாக வைத்துப் படத்தைப் புரிந்துகொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். எல்லாக் கூட்டத்துக்கும் வரவேற்புரை சொல்வது ஒருவரே. விரிவுரையாளரான அவருக்கு மாணவர்கள் ‘வரவேற்பு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். வரவேற்புரைக்கு ஐந்து நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கும். அதை ஐந்து நிமிடத்தில் முடித்தவர் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் சரித்திரத்தில் ஒருவரும் இல்லை. சிறப்புப் பேச்சாளர் சொல்லப் போவதில் ஒரு கரண்டி முதலில் எடுத்துச் சுவை பார்த்துவிட்டுத்தான் மைக்கைக் கொடுப்பது அங்கே வழக்கம். பேச்சாளர்களும் அதைக் கல்யாண வீட்டு மொய் மாதிரி சிரித்தபடி ஏற்றுக்கொள்வார்கள்.

அவருடைய சகலையும் அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அக்காள் தங்கை இருவரைக் கட்டியவர்கள், ஒரே வீட்டில் சகலை மாடியிலும் வரவேற்பு கீழேயுமாக இருந்தார்கள். சகலைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘ஊமைப்படம்’. நாலு பேருக்கு மேல் சேர்ந்தால் அவருக்குத் தொண்டை அடைத்துவிடும். வகுப்பில்கூட வெயிலோ மழையோ கையில் வைத்திருக்கும் நீளக் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சன்னலைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவார். ஆனால் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தால் அவர் ஆளே வேறு. பேசினால் சாப்பாடு ஆறிப்போவது யாருக்கும் தெரியாது. படிக்கும் காலத்தில் பார்த்த ஒரு வெளிநாட்டுப் படத்தை இருபது வருடமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் படமே திரையிட வந்ததால், மனைவி நச்சரித்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொதுச் சொற்பொழிவுக்குத் தலையாட்டிவிட்டார். புதன்கிழமை கீழ்வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது பேசிப் பார்த்தார். சாப்பிட்ட கை காய்ந்தது தெரியாமல் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படத்தின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு படகோட்டி, தம்பி ஊரில் இல்லாதபோது இருவருக்கும் சொந்தமான படகை விற்றுவிடுகிறான். தம்பி திரும்பி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் அதே வீட்டில் தங்குகிறான். “தப்பு பண்ணவன் மூஞ்சியை எங்க வெச்சுக்குவான்னு நாம கேக்குறோம்,” என்றார் சகலை. “மூஞ்சியை எங்க வேணாலும் வெச்சுக்கலாம், அதுக்குப் பழக்கம் உண்டு. கைதான் மாட்டிக்கும். படகை வித்ததுக்கு அப்புறம் அண்ணன் மூஞ்சியை ஒரு தடவைகூடக் காட்டல, கவனிச்சீங்களா? கையைத்தான் காட்டுறாங்க. மேசை மேல வெக்கிறான், எடுக்கிறான், பையில விடுறான், எங்கயும் நிக்க மாட்டேங்குது. கடைசியில தம்பி ஒரு துடுப்பைக் கொண்டுவந்து அவன் கையில குடுக்கிறான். எல்லாரும் அதைப் பழி வாங்குறதுன்னு எழுதியிருக்காங்க. படகே இல்ல, துடுப்பு எதுக்கு? பாவம், அவன் கையை வெச்சுக்க ஒரு இடம் வேணுமில்ல, அதுக்குத்தான்.”

இதுதான் அவர் சொன்னது. இதை விரித்து, காட்சி காட்சியாக எடுத்து வைத்து, ஒரு மணி நேரம் பேசுவதாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை வரவேற்பு திருட நினைத்து மேடை ஏறவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வழக்கப்படி ஒரு கரண்டி எடுத்தார். மூஞ்சியை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்ற வாக்கியத்தைச் சொன்னதும் அரங்கில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன, தூங்கிக்கொண்டிருந்த நீதிமன்ற எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியோர் அமைதியை வரவேற்பு தன் வாழ்நாளில் உண்டாக்கியதில்லை. அது விட மனசு வராத அமைதி. இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு பாத்திரத்தையே கவிழ்த்துவிட்டார். சகலை பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை, “எனக்குத் தோன்றுகிறது” என்றே சொல்லிக்கொண்டு போனார். துடுப்பு வரைக்கும் வந்து நிறுத்தியபோது அரங்கமே எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சகலை மேடைக்கு அழைக்கப்பட்டார். மைக் முன்னால் போய் நின்றார். “நான் சொல்ல வந்ததை எல்லாம் அவரே சொல்லிட்டார்,” என்றார். மேடைகளில் எல்லோரும் சொல்லும் பணிவுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சபை சிரித்தது. என்ன பெருந்தன்மை என்று துணைவேந்தர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சகலை இறங்கி வந்து உட்கார்ந்தார். கைதட்டல் மறுபடி எழுந்து, ஒரு சுற்று அரங்கைத் தேடிப் பார்த்துவிட்டு, வரவேற்பின் பின்னால் போய் நின்றுகொண்டது.

முதல் சில வாரம் அவருக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் வாயைத் திறந்து எதைச் சொல்லி முடித்தாலும் தட்டும். பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்றால் தட்டும். குளியலறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டாலும் தட்டும், அதனால் முகச்சவரம் செய்ய வழக்கத்தைவிட நேரமானது. உன்னித்துக் கேட்டால் அதில் நூலகரின் மோதிரச் சத்தத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கலாம். எல்லோரும் நிறுத்திய பிறகு ஒருவர் மட்டும் இரண்டு தட்டுத் தட்டுவாரே, அதுகூட இருந்தது. அப்போது சின்னவளாயிருந்த மகள் பள்ளிக்கூடத்தில், “உங்க அப்பாவுக்கெல்லாம் ஏன் யாரும் கைதட்ட மாட்டேங்குறாங்க?” என்று மற்ற பிள்ளைகளைக் கேட்டாள். அவர் மனைவிதான் முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டாள். “அத்தான் புதன்கிழமை நம்ம வீட்டுல சாப்பிடறப்ப சொன்னதுதானேங்க அது?”

“பொதுவான விஷயம்தானே. யாருக்கு வேணாலும் தோணும்,” என்றார். அதற்கும் கைதட்டல் விழுந்தது. மனைவி விளக்கை அணைத்துவிட்டு, “அதை வெளியில விட்டுட்டு வந்து படுங்க,” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பல்கலைக்கழகம் இந்த விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இயற்பியல் துறை ஒருநாள் கருவிகளோடு வந்து சத்தத்தை அளந்துவிட்டு, பேருந்து நிலையத்தைவிடக் குறைவுதான் என்று சொல்லிவிட்டது. காது மருத்துவர் அவர் காதைப் பார்த்துவிட்டு, கோளாறு உங்கள் காதில் இல்லை, எனக்கும்தான் கேட்கிறது என்றார். துணைவேந்தருக்கு மட்டும் அதன் உபயோகம் புரிந்தது. ஆளில்லாத அரங்கத்திலும் வரவேற்பு பேசினால் நிறைந்த சபையின் சத்தம் கேட்கும். வெளிநாட்டுப் பேச்சாளர்கள் அகமகிழ்ந்து போனார்கள். விரைவிலேயே பொதுச் சொற்பொழிவுகளுக்கும் திரையிடல்களுக்கும் அவரே இயக்குநர் ஆனார். தனி அறை, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. அந்தப் பதவிக்கு மூப்பின்படி அடுத்து இருந்தவர் சகலை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் எதுவுமே சொல்லவில்லை என்பதுதான் விஷயம். எல்லாத் திரையிடலுக்கும் வந்து கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்தார். படம் முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கீழே சாப்பிட வருவதை நிறுத்தவில்லை, வந்து சாப்பிட்டார், தட்டைப் பார்த்தபடி எழுந்து போனார். “இப்பல்லாம் மேலகூடப் பேசுறதில்லடி,” என்று அக்காள் தங்கையிடம் சொன்னாள். “உப்பு வேணும்னாகூடக் கையைத்தான் காட்டுறாரு.” அடுப்படியில் சொன்னது முன்னறையில் இருந்த வரவேற்புக்குக் கேட்டது. ஒரு மனிதரின் கருத்தை எடுத்துக்கொண்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தார். எடுத்தது அவருடைய பேச்சையே என்று அன்றைக்கு உறைத்தது. அதிலிருந்து ஒவ்வொரு கைதட்டலும் அவருக்குக் கூசியது. வார்த்தைகளைக் குறைத்தார், கடைக்குப் போனால் விரலால் காட்டினார். வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட மகள் தொலைபேசியில், “அம்மாகிட்ட குடுங்கப்பா, ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க,” என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறினார். சகலை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“சகலை...”

“சொல்லுங்க.”

“தொட்டியில தண்ணி இருக்கா? மோட்டார் போடணுமா?”

கைதட்டல் அந்தச் சின்ன அறையில் பொழிந்தது. அது ஓயும்வரை சகலை பொறுமையாக மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார். பின்பக்கம் தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்து கொட்டும் சத்தம் இருவருக்குமே கேட்டது. “வேணாம், நிறைஞ்சிருச்சு,” என்றார் சகலை. வரவேற்பு இறங்கி வந்துவிட்டார். பிறகும் சில தடவை ஏறினார். ஒவ்வொரு தடவையும் வாயில் மோட்டார்தான் வந்தது.

மூத்த மகளோடு மாடியில் இருந்த மாமியார் காலமானபோது மருமகன்கள் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். வரவேற்புக்கு அந்த அம்மாளிடம் உண்மையான பிரியம் உண்டு. “அத்தை” என்று ஒரு சத்தம் போட்டு அழுதுவிட்டார். கைதட்டலுக்கு அழுகைக்கும் உரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்று போல அது என்றைக்கும் தட்டியதில்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சகலை எழுந்து போய், தெருவுக்குக் கேட்காதபடி சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட வரவேற்பு தாங்கியிருப்பார்.

சகலை ஓய்வு பெறும் மாதத்தில் அதே படகோட்டி படத்தை மறுபடி திரையிட்டார்கள். யாரோ வெளியூர்ப் பேராசிரியர் வந்து படத்தில் தெரிந்த பழிவாங்கலைப் பற்றிப் பேசினார். அன்று வரவேற்புரையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, நன்றியுரை தனக்கு வேண்டும் என்று இயக்குநர் கேட்டு வாங்கிக்கொண்டதில் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். நன்றியுரையை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. காரணம் எளிது, அதை யாரும் கேட்பதில்லை. நன்றியுரை என்று அறிவித்ததுமே இருக்கைகள் படபடவென மடங்கும், சபை தேநீர் இருக்கும் பக்கம் நகரும். அன்றும் அப்படித்தான். சபைக்கு முதுகு முளைத்திருந்த நேரத்தில் வரவேற்பு மைக்கைப் பிடித்தார்.

“அவையோர்க்கு நன்றி,” என்று ஆரம்பித்து, அதை அப்படியே விட்டுவிட்டார். “அன்னைக்கு வரவேற்புரையில நான் பேசினது என்னோடது இல்ல. என் சகலை, அதோ கடைசி வரிசையில இருக்காரே, அவர் எங்க வீட்டுல சாப்பிடறப்ப சொன்னது. நான் எடுத்துக்கிட்டேன். அப்புறம் அவர் பேசவே இல்ல. இவ்வளவு வருஷமா சொல்ல வெக்கமா இருந்தது. இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு.”

பேசி முடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கைதட்டல் வரவில்லை. வெளியே கோப்பைகளும் கரண்டிகளும் இடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. அரங்கில் மிஞ்சியிருந்தவர்கள் அக்காளும் தங்கையும், நாற்காலி மடிப்பவரும், காது மந்தமாகிவிட்ட நூலகரும், சகலையும்தான். பிறகு மேடையிலிருந்து அது எழுந்தது. அன்று தட்டியவர்களில் சிலர் இறந்துபோயிருந்தார்கள், ஆனால் அவர்கள் தட்டல் ஒன்றுகூடக் குறையவில்லை. நூலகரின் மோதிரமும் இருந்தது. படியிறங்கி, நடுப்பாதை வழியாக வரிசை வரிசையாகக் கடந்து, கடைசி வரிசை மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டு விலாசம் தெரியாமல் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தவரைப் பார்ப்பது போல சகலை அதைப் பார்த்தார். உட்காரச் சொல்வதுபோல லேசாகத் தலையசைத்தார். அது அடங்கியது.

வரவேற்பு மேடையிலிருந்து இறங்கி நின்றார். கையைக் கட்டினார், பிரித்தார், பின்னால் கொண்டுபோனார், சட்டைப்பையில் விட்டு எடுத்தார். சகலை மெதுவாக நடந்து அவர் முன்னால் வந்து நின்றார்.

“இப்பவாவது மோட்டாரைப் பத்திப் பேசாம இருந்தீங்களே,” என்றார். பிறகு, “இதைக் கொஞ்சம் பிடிங்க,” என்று குடையை நீட்டினார். வரவேற்பு அதை இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டார். வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தார். நால்வரும் பேருந்தில் ஏறினார்கள். கைதட்டல் சகலையின் பக்கத்தில் காலி இருக்கையில் அமைதியாக வந்தது.

இப்போது அது மாடியில் இருக்கிறது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் சகலை மனைவியிடம் ஏதாவது ஒரு படத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். முதலில் தயங்கித் தயங்கித்தான் வந்தது, இப்போது தடையில்லாமல் வருகிறது. பேசி முடித்ததும் தட்டும் சத்தம் கேட்கும். தெருவில் பழகிவிட்டார்கள், அதை வைத்து நேரம் கணக்கிட்டு அடுப்பை அணைப்பவர்களும் உண்டு. குடையைச் சகலை திருப்பிக் கேட்கவில்லை, வரவேற்பும் கொடுக்கவில்லை. மாடிக்கு ஏறிப்போக அவருக்கு இன்னும் முகமில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். ஒருநாள் பேச்சு பாதியில் நின்றது.

“கீழ கேக்குதா சகலை?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“கேக்குது,” என்றார் இவர்.

அதற்கு யாரும் கைதட்டவில்லை. மேலே பேச்சு தொடர்ந்தது.