முதுகு காட்டி நிற்கும் தேவாலயம்

...அதெப்படி அந்த மனிதனுக்கு அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல வந்தது, பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தம்பியின்ர படத்தைக் கொண்டு வராதையும், உது சரிவராது, சனம் கதைக்கும் என்று, ஆங்கில வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு... புஸ்பராணி படியேறினாள், ஒவ்வொரு படியிலும் காலை ஓங்கி வைத்தாள், அதைச் சொன்ன விநாயகமூர்த்தி அண்ணையின் கறுப்புக் கோட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஊரில் செத்தவர்களுக்கு அஞ்சலிக் கூட்டமாம், இந்தத் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில், அவர்தான் தலைவராம், மேசையில் படங்களை அடுக்கி ஒவ்வொன்றுக்கும் முன்னால் விளக்கு ஏற்றுவார்களாம், எண்பத்து மூன்றில் கொழும்பில் எரிந்தவர்கள் வரலாம், ஆமி சுட்டவர்கள் வரலாம், என் தம்பி மாமாங்கம் மட்டும் வரக்கூடாது. ஏன், அவனுக்கு வந்தது சாவு இல்லையா? அவனை ஆமி சுடவில்லை, நம்முடைய இயக்கப் பொடியன்மார்தான் சந்தியில் மின்கம்பத்தோடு கட்டி, காட்டிக்கொடுத்தவன் என்று மட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டு... அதுதான் பிழை, சுட்டவன் பிழை இல்லை, சுடப்பட்டவன் பிழை. வீட்டுக்குப் போய்ச் சொன்னால் மற்றத் தம்பி குஞ்சித்தம்பி என்ன சொல்வான், இந்தக் கனடாவில், ஒஷாவாவில் இரவு வேலை முடித்து வந்து சோற்றைப் பிசைந்துகொண்டு, விடு கா, நமக்கேன் வில்லங்கம் என்பான், புருசனும் அப்படித்தான், எல்லாரும் அப்படித்தான்.

இன்றைக்குப் பாடம் இல்லை, எப்போதும் கீழ்மண்டபத்திலேயே படித்துவிட்டுப் போகிறோம், ஒருநாள் மேலே ஏறி இந்தத் தேவாலயத்தைப் பார்ப்போம் என்று ஆங்கில ரீச்சர் செலீன் சொல்லியிருந்தாள். மேலே பேர்ணடெற் என்ற வெள்ளைக்காரக் கிழவி காத்துக்கொண்டு நின்றாள், தேவாலயத்தின் கதையை வருகிறவர்களுக்குச் சொல்வது அவளுடைய தொண்டு. அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல விநாயகமூர்த்தி அண்ணை தமிழில் சொன்னார், யாழ்ப்பாணத்தில் கந்தோரில் கிளாக்காக இருந்த ஆள், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, வகுப்பிலும் ரீச்சருக்குத் துணையாக இருந்து தமிழில் சொல்லிக் கொடுப்பவர். இதைக் கட்டி நூறு வருசமாகிறதாம், விக்ரோறியா மகாராணி காலத்துக் கட்டடமாம், ஒரு பணக்கார விதவை இளம் வயதில் செத்த மகன் அலெக்ஸாண்டரின் ஞாபகமாகக் கட்டினாளாம். புஸ்பராணி அண்ணாந்து பார்த்தாள்... கூரை உள்ளே முழுக்க மரம், தோணியைக் கவிழ்த்து வைத்ததுபோல வளைந்து வளைந்து போனது, வளைவுகள் எல்லாம் கூம்பி உச்சியில் சந்தித்தன, தூண் ஒவ்வொன்றும் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பருமன், பக்கச் சன்னல்களில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி, தரையில் பூப்போட்ட ஓடு... ஒரு பிள்ளைக்கு! ஒரே ஒரு பிள்ளைக்கு இவ்வளவு கல்லா, இவ்வளவு கண்ணாடியா? என் அம்மாவுக்கு ஒப்பாரி வைக்கக்கூட விடவில்லையே, வாயைத் திறந்தால் மற்ற மகனையும் கொண்டுபோவோம் என்றார்களே, உடம்பைப் பொலிஸ் கொண்டுபோய் எங்கேயோ எரித்ததாம், எங்கே என்று கேட்க ஒருவரும் போகவில்லை, அயல் சனம் படலையைச் சாத்திக்கொண்டது... இந்த மனுசி பிள்ளை செத்தால் கொத்தனாரைக் கூப்பிடுகிறாள். பணம் இருந்தால் அழுகைக்கும் கோபுரம் வைக்கலாம். அந்தச் செத்துப்போன வெள்ளைக்காரி மீதும் அவளுக்குக் கோபம் வந்தது.

தேவாலயம் என்றால் பீடம் கிழக்கில் இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் பெரிய சன்னல் இருக்க வேண்டும், காலை வெயில் அதன் வழியாக வரவேண்டும், இங்கே பாருங்கள் என்று பேர்ணடெற் கையை நீட்டினாள். பீடம் வடக்கில் இருந்தது. அதற்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் வெறும் சாம்பல் கல், ஒரு துவாரம் இல்லை. கிழவி குரலைத் தாழ்த்தினாள், நெடுநேரம் ஏதோ சொன்னாள், தொண்டையைச் செருமினாள், செலீன் தலையைக் குனிந்துகொண்டாள். விநாயகமூர்த்தி அண்ணை திரும்பி, பெடியன் காய்ச்சல் வருத்தம் வந்து செத்தவனாம், காணி வசதியில்லாதபடியால் வடக்குப் பார்க்கக் கட்டினவையாம் என்றார். அவ்வளவுதான். அவ்வளவு நேரம் பேசினது இந்த இரண்டு வரியா? புஸ்பராணிக்கு ஆங்கிலம் குறைவு, ஆனால் காது செவிடில்லை. கில்ட் ஹிம்செல்ஃப் என்று கிழவி சொன்னது கேட்டதே. பிறீஸ்ற், நோ என்று சொன்னதும் கேட்டதே. அந்த நோ எங்கே போனது, அண்ணையின் வாய்க்குள் எங்கே விழுந்தது?

அவள் கையை உயர்த்தினாள், வகுப்பில் ஒருநாளும் உயர்த்தாத கை. “பிறீஸ்ற் சே நோ? வை?” என்று கேட்டாள், குரல் அந்தக் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. பேர்ணடெற் அருகில் வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், கையாலும் காட்டினாள். அந்தப் பையன் தன் உயிரைத் தானே எடுத்தவன். பழைய தேவாலயத்துப் பாதிரியார் அவனுக்குச் செபம் சொல்ல மறுத்தார், மற்றவர்களோடு அடக்கம் செய்ய மறுத்தார், ஊரே அவர் பக்கம் நின்றது. தாய் ஆயரிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கி, பாதிரியார் வீட்டுக்கு நேர் எதிரே இந்தக் காணியை வாங்கினாள். அந்த மனிதர் காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படுவது இந்த வெறும் சுவர் மட்டுமாக இருக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞரோடு சண்டை பிடித்தாள்... புஸ்பராணி அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். அட, இது அழுகை இல்லையே. கல்லைக் கல்லாக அடுக்கி வைத்த கோபமல்லவா இது! நூறு வருசமாக அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே!

“ஏன் அண்ணை மாத்திச் சொன்னீங்க?”

“உதெல்லாம் சனத்துக்கு என்னத்துக்குப் பிள்ளை? கோயிலுக்குள்ள நிண்டு உந்தக் கதையே?”

“பாதிரியார் மறிச்சதச் சொல்ல உங்களுக்கு வாய் வரல்ல. ஞாயிற்றுக்கிழமை என்ட தம்பிட படம் வரும். நான்தான் கொண்டு வருவன். ஏலுமெண்டா நீங்க எடுத்து எறியுங்க.”

“மெல்லக் கதையும்... அவன் ஆமிக் காம்புக்குப் போய் வந்ததை ஊரே கண்டதெண்டு சொல்லினம். ஒண்டும் செய்யாதவனைச் சும்மா சுடுவினமே?”

“அவன் ஒண்டும் செய்யல்ல!” என்று கத்தினாள். முன்வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், செலீன் ஓடிவந்து தோளைத் தொட்டாள், அவள் தட்டிவிட்டுப் பீடத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அந்தச் சுவரின் அடியில் ஒரு கல் பதித்திருந்தது. அலெக்ஸாண்டர் என்று மட்டும் வெட்டியிருந்தது, எழுத்தைக் கூட்டி வாசித்தாள், பின்னால் வந்து நின்ற பேர்ணடெற்றிடம் வேறு ஒன்றும் இல்லையா என்று விரலால் கேட்டாள். ஒன்றும் இல்லை, கிழவி தலையை ஆட்டினாள், அருமை மகன் என்றோ, நல்லவன் என்றோ, ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்றோ எழுதத் தாய் விடவில்லை. ஏன் விடவில்லை? அவன் செய்யவில்லை என்று அவள் ஒருவரிடமும் வாதாடவில்லையா? நானோ அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஒரே வசனம்தான், ரெலிபோனில், பஸ்ஸில், கனவில், அவன் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் செய்யவில்லை... காம்புக்கு ஏன் போனாய் என்று ஒருமுறை கேட்டு எழுதினேன், ஆமி பறித்த சைக்கிளை வாங்கப் போனேன் என்று எழுதினான். சைக்கிளைக் கொடுத்தார்களாம். சும்மாவா கொடுத்தார்கள்? அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவனும் எழுதவில்லை, பிறகு கேட்க அவன் இல்லை. கல் குளிர்ந்து கிடந்தது. செலீன் தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், திரும்ப முடியவில்லை. அவன் அங்கே ஏதாவது சொல்லியிருந்தால்... ஒரு பெயர், ஒரு வீடு, அடி தாங்காமல் ஒரு சொல்... அப்படியென்றால் படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேனா? இல்லை, கொண்டுதான் வருவேன் என்று உடனே சொல்ல வாயெடுத்தாள், சொல் வரவில்லை, அவன் சொல்லியிருந்தால் அதனால் செத்துப்போன யாரோ ஒருவனுக்கும் எங்கேயோ ஒரு அக்கா இருப்பாளே என்று அப்போதுதான், முதல்தடவையாக, தோன்றியது.