ஒரே ஆள் போதும்

என் மனைவியும் அவள் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். "மாமா, துண்டு எங்கன்னு கேளுங்க" என்பான் அவன். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். "அலமாரியில இருக்கு. கண்ணு தெரியலையான்னு கேளுங்க" என்பாள். "அலமாரியில பாரு மாப்ள" என்று மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். சம்பளமில்லாத தபால்காரனுக்கு இந்த அளவு கத்தரி போட உரிமை உண்டு.

இத்தனைக்கும் காரணம் அவர்கள் அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தம்பி வெளியூரில் லிஃப்ட் மெக்கானிக்காகப் புதிதாகச் சேர்ந்திருந்தான். அவனை அலைக்கழிக்க வேண்டாமென்று, "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று சொல்லிவிட்டாள் இவள். அவன் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது, மறுநாளே போய்விட்டாள். அவன் மன்னிக்கவில்லை. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று இவளும் இறங்கி வரவில்லை. பிறகு அவனுக்கு இந்த ஊருக்கே மாற்றலாகியும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அவனை மறுபடி வரவைத்தது எங்கள் கூடத்தில் இருக்கும் பெரிய மீன்தொட்டி. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதும் டாக்டர் பாரம் தூக்கக்கூடாது என்றுவிட்டார். தங்கமீன்கள் பார்க்கத்தான் அழகு, அழுக்குப் பண்ணுவதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. வாரம் தவறாமல் பாதித் தண்ணீரை மாற்றியாக வேண்டும். நான் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான். அன்று தொடங்கியதுதான் என் தபால் வேலை.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அக்கா குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டுக் கூழாங்கல்லைக் கிளறுவாள். தம்பி மறுமுனையைப் பக்கெட்டில் பிடித்துக்கொண்டு தரையில் உட்காருவான். பக்கெட் நிறைந்ததும் அவள் குழாயைத் தூக்க வேண்டும். அதை என்னிடம் சொல்லி, நான் அவளிடம் சொல்வதற்குள் கூடம் குளமாகிவிடும். வேறு வழியில்லாமல் அவன் நேராகச் சொன்னான்: "தூக்கு."

அவளும் தூக்கினாள். நான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வாரங்கள் போகப் போக அந்த ஒற்றைச் சொல் வளர்ந்தது. "தூக்குக்கா." "குழாயை ரொம்பத் தாழ்த்தாதடா, மீனு உள்ள இழுபட்டுடப் போகுது." ஒருநாள் அவன், "அந்தக் கறுப்பு மீனு ஏன் ஓரமாவே நிக்குது?" என்று கேட்டான்.

"அது அம்மா மாதிரி. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாதான் அது சாப்பிடும்."

இருவரும் அந்த மீனையே பார்த்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. பக்கெட் வழிந்து தரையெல்லாம் ஓடியது. நான் துடைக்கும் துணியை எடுத்துவந்தேன். இன்னும் கொஞ்ச நாள்தான், எனக்கு வேலையில்லாமல் போய்விடும் என்று அன்று உண்மையிலேயே நம்பினேன்.

அடுத்த வாரம் பக்கெட்டைத் தூக்கும்போது அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அவள் முகம் வெளுத்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "இனிமே அவன் எதையும் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க. கடையில ஏதாவது சாமான் இருக்கும், வாங்கிக்கலாம்."

இதற்கு நான் கத்தரி போட நேரமில்லை. அவன் காதில் நேராகவே விழுந்துவிட்டது, அதுவும் இனி நீ வர வேண்டாம் என்பதுபோல விழுந்துவிட்டது. "சரி மாமா. நானே வந்து நல்லதா பாத்துக் குடுக்கறேன்" என்றான்.

மூவருமாகப் போனோம். கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்துவைத்தார். முதலாவது, கையால் அமுக்கினால் தண்ணீர் உறிஞ்சும் ரப்பர் பந்து வைத்த குழாய். அதற்கும் பக்கெட் வேண்டும். இரண்டாவது சின்ன மோட்டார், இரைச்சல் காதைப் பிளந்தது. மூன்றாவது நீளமான ஹோஸ். வாஷ்பேசின் குழாயில் மாட்டிவிட்டு, பிடியை ஒரு பக்கம் திருப்பினால் தொட்டித் தண்ணீரை இழுத்து வெளியே விடும், மறுபக்கம் திருப்பினால் நிரப்பும். குளோரினை முறிக்கும் மருந்தைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டால் போதும்.

"பக்கெட்டே வேண்டாம் சார். ரெண்டாவது ஆள் தேவையில்ல, ஒரே ஆள் போதும்" என்றார் கடைக்காரர் பெருமையாக.

அவள் என்னைப் பார்த்தாள். அவன் ஹோஸ் முனையிலிருந்த பித்தளை இணைப்பின் திருகு மரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மரை நல்லா இருக்கு. அக்காவுக்குச் சுலபமா இருக்கும்னு சொல்லுங்க மாமா."

"அவனுக்கு ஞாயித்துக்கிழமையாவது ஓய்வு கிடைக்கும்னு சொல்லுங்க."

வேண்டாம் என்று மற்றவர் சொல்ல வேண்டுமென்றுதான் இருவரும் காத்திருந்தார்கள். ரப்பர் பந்தே போதும் என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எனக்கும் அந்தப் பளபளப்பான ஹோஸின் மேல் ஆசை வந்துவிட்டது. பாழாய்ப்போன ஆசை. தலையாட்டிவிட்டேன்.

அன்றே அவன் வந்து மாட்டினான். மரையில் டேப் சுற்றி, இறுக்கி, குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த விரலால் தடவிப் பார்த்தான். ஈரம் இல்லை. காபி வேண்டாமென்று கிளம்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகவே தண்ணீர் மாற்றினாள். நான் செய்தித்தாளில் பாதி படிப்பதற்குள் வேலை முடிந்தது. பிறகு நெடுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறு என் போன் அடித்தது.

"மாமா, அந்த ஹோஸ் எங்கயாவது ஒழுகுதான்னு அக்காவைக் கேளுங்க."

கேட்டேன். அவள் தொட்டிப் பக்கமிருந்து விறுவிறுவென்று வந்தாள். தம்பியின் கைவேலையைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வருமா?

"ஒரு சொட்டு ஒழுகலன்னு சொல்லுங்க. ரொம்ப நல்லா மாட்டியிருக்கான்னு சொல்லுங்க."

இத்தனை காலமும் எத்தனையோ வார்த்தைகளை வெட்டியும் ஒட்டியும் கொடுத்தவன் நான். ஒழுகுது மாப்ள, வந்து பாரு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் முதன்முறையாகத் தம்பியைப் பாராட்டியிருக்கிறாளே என்ற சந்தோஷத்தில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே சொன்னேன்.

 "அப்ப சரி மாமா" என்று வைத்துவிட்டான்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்றிருந்தாள்.

"எப்ப வரேன்னு சொன்னான்?" என்றாள்.