முழங்கையில் ஒஸ்மோன்

எங்கள் பக்கத்து வீட்டுத் தென்திமிஷ் அண்ணன் பாலிக்சி ரயில் நிலையத்தில் தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி பாத்மா இறந்தபின் பல வருஷம் தானே பொங்கித் தானே தின்றார். பிறகு கொச்கோர் என்ற ஊரிலிருந்து ஸூராவைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். அவளும் கணவனை இழந்தவள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது.

அவள் வந்த அன்று வண்டியிலிருந்து ஒரு பெட்டியும் பெருத்த மூன்று மூட்டைகளும் இறங்கின. மூட்டையைத் தோளில் ஏற்றிய அண்ணன், "என்ன, மாவா?" என்று கேட்டார்.

"கந்தல்," என்றாள் அண்ணி. கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அடுப்போரம் உட்கார்ந்து குராக் தைத்தாள். பழைய துணிகளை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, அடியில் கம்பளி வைத்து ஒரு போர்வை. வெளியே ஏரிக்காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கும். நானும் வீட்டுக் கிழிசல்களை அள்ளிக்கொண்டு அங்கே போய்விடுவேன். அண்ணியிடம் அவசரம் என்பதே கிடையாது. ஒரு துண்டை எடுப்பாள், தடவிப் பார்ப்பாள், இங்கே வைப்பாள், அங்கே வைப்பாள், தேநீர் குடிப்பாள், அப்புறம்தான் ஊசியில் நூல் கோர்ப்பாள்.

"இந்த வேகத்துல போனா அடுத்த குளிருக்குத்தான் முடியும் அண்ணி," என்றேன்.

"அடுத்த குளிர் வராமலா போயிடும், உல்கன்?"

ஆனால் பனி உருகுவதற்கு முன்பே முடித்துவிட்டாள். அண்ணன் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அதன் சூட்டைப் பற்றிப் பேசினார்.

வசந்தத்தின் தொடக்கத்தில், அண்ணியின் முதல் கணவர் ஒஸ்மோனின் தம்பி கசிபெக் அவளைப் பார்க்க வந்தான். அன்று நானும் இருந்தேன். தேநீர் குடித்துக்கொண்டே, மடித்து வைத்திருந்த போர்வையின் பக்கம் அவன் கை போனது.

"அண்ணி, இது எங்க அண்ணனோட நீலக் கோடுபோட்ட சட்டைதானே? என் கல்யாணத்துல போட்டிருந்தாரே." இன்னும் கொஞ்சம் விரித்தான். "இதுவும் அவரோடது. இதோ, இதுவும்."

அவனுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. தென்திமிஷ் அண்ணன் அவனுக்கு ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் கிண்ணத்தைத் தாண்டி விரிப்பில் ஓடியது.

மறுநாளிலிருந்து போர்வை மடித்தது மடித்தபடி கிடந்தது. அண்ணன் தன் ஆட்டுத்தோல் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார். கேட்டால், "போர்வை ரொம்பச் சூடா இருக்கு," என்றார். அண்ணியும் நானும் ஒரே முடிவுக்குத்தான் வந்தோம்.

"பொறாமை. போய்ச்சேர்ந்த மனுஷன் மேல பொறாமை," என்றாள் அண்ணி. "சொன்னா அந்தத் துண்டுகளைப் பிரிச்சு எடுத்துடலாம். வாயைத் திறக்க மாட்டேங்கிறார்."

அப்புறம் அண்ணனின் சட்டைகள் கிழிய ஆரம்பித்தன. கட்டம்போட்ட சட்டை வெளிக்கதவு ஆணியில் மாட்டிக்கொண்டது. சாம்பல் நிறச் சட்டை கரிக் கொட்டகையில் எதிலோ சிக்கியது. பண்டிகைக்குப் போடும் வெள்ளைச் சட்டையும் தப்பவில்லை. அண்ணி ஒவ்வொன்றாக வாங்கி, மூட்டையிலிருந்து பொருத்தமான துணி தேடி, பொடிப்பொடியாகத் தைத்து ஒட்டுப்போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க அண்ணனின் முகம் தொங்கியது.

ஒருநாள் மத்தியானம் கட்டம்போட்ட சட்டையின் முழங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கேட்டார்: "இந்தக் காக்கித் துண்டு யாரோடது?"

"ஒஸ்மோனோடது. நல்ல கெட்டித் துணி. நீங்க எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்."

நான் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் ஸூரா, இவ்வளவு கிழிஞ்ச சட்டையைத் தூக்கிப் போடமாட்டியா நீ?"

"எதுக்குப் போடணும்? இன்னும் பத்து வருஷம் வரும்."

"தூக்கிப் போட்டாத்தானே மூட்டைக்குப் போகும். மூட்டைக்குப் போனாத்தானே..." மோவாயால் போர்வையைக் காட்டினார். "அதுல உங்கம்மா இருக்காங்க. உங்க பெரியம்மா இருக்காங்க. அவர் அஞ்சாறு இடத்துல இருக்கார். இருக்கட்டும், அவர் வாழ்ந்த மனுஷன், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் வீட்டுப் போர்வையில எனக்குன்னு ஒரு துண்டு கிடையாது."

அண்ணியின் கையில் ஊசி நின்றது. இப்படி ஒன்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"உயிரோட இருக்கிற மனுஷன் சட்டையை எப்படிங்க வெட்டுவேன்? நீங்கதான் அதைப் போட்டுக்கிட்டுத் திரியறீங்களே," என்றாள் மெதுவாக.

அண்ணன் எழுந்து உள்ளே போய் ஒரு மெல்லிய நீலச்சட்டையோடு வந்தார். கோடைகாலத்து ரயில்வே சட்டை. கொச்கோருக்குப் பெண் கேட்டுப் போனபோது அதைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

"இதை வெட்டு."

அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் தடவினாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. அண்ணனுக்கு நடுவில் வேண்டும்.

"நடுவுல எங்கம்மா இருக்காங்க. அவங்களை நகர்த்த முடியாது."

"அப்ப ஒஸ்மோனைக் கால்மாட்டுக்கு அனுப்பு."

"அது மரியாதையில்ல. நீங்க என் தோள்பக்கம் வாங்க. இங்க ஒரு துண்டு, இங்க ஒரு துண்டு."

அண்ணன் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அண்ணி பழைய தையலைப் பிரித்தபடி கேட்டாள், "பாத்மாவோடது ஒண்ணும் இல்லையா வீட்ல?"

"துணியெல்லாம் அவ தங்கச்சிங்க எடுத்துக்கிட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "அடுப்படித் திரை அவ தைச்சதுதான்."

அண்ணி எழுந்து போய்த் திரையின் அடிமடிப்பைப் புரட்டிப் பார்த்தாள். "தாராளமா மடிச்சிருக்கா. இதுல எடுத்தா திரைக்கும் குறையாது," என்றாள். மஞ்சள் பூப்போட்ட இரண்டு முக்கோணங்கள் வந்தன.

ஒரு பக்க விளிம்பைத் நானே தைப்பேன் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, நாள் கணக்கில் தைத்தார். ஒவ்வொரு தையலும் ஒரு விரல்கடை நீளம்.

"என்ன அண்ணே, தண்டவாளம் போட்டிருக்கீங்க?" என்றேன்.

"இதுல வண்டி வராது. நிம்மதியாத் தூங்கலாம்."

அண்ணி அதைப் பிரித்துத் திரும்பத் தைக்கவில்லை. தைத்து முடித்த அன்று சாப்பிட்டுவிட்டு அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்தார். சீக்கிரமே குறட்டை கேட்டது. நானும் அண்ணியும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் மகனுடைய பள்ளிக்கூடப் பையின் வாரை ஆளுக்கொரு பக்கமாகத் தைக்க ஆரம்பித்தோம்.